அடி படாத நீல வண்டி

ஈரோட்டிலிருந்து பெருந்துறை போகும் சாலையில், பழைய கார் விற்கும் கடைகள் பதினேழு வரிசையாக நிற்கிற எங்கள் வீதியில், அந்த நீல வண்டியின் மீட்டர் பின்னால் ஓட ஆரம்பித்தது ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் காலை, நாச்சிமுத்துவின் டீக்கடையில் இரண்டாவது பால் பொங்கிக்கொண்டிருந்த நேரம். வண்டி முன்னால் போனது, எண் பின்னால் போனது. நாங்கள் பார்த்துவிட்டு அவரவர் டீயைக் குடித்தோம்.

எங்கள் வீதியில் மீட்டர் பின்னால் போவது ஒன்றும் அதிசயம் இல்லை. எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்து வருகிற வண்டி எங்களிடம் ஒரு வாரம் நின்றால் முப்பதாயிரம்தான் ஓடியது என்று ஆகிவிடும், வாங்குகிறவருக்கும் மனம் குளிரும், விற்கிறவருக்கும் வயிறு நிறையும். ஊரில் மற்றவர்கள் காசிக்குப் போய்ப் பாவத்தைத் தொலைக்கிறார்கள், வண்டிகள் எங்களிடம் வந்து கிலோமீட்டரைத் தொலைக்கின்றன. அதைப் பொய் என்று நாங்கள் நினைத்ததே கிடையாது. முடி வெட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போகிறவனை யாராவது பொய்யன் என்பார்களா?

அந்த முடிவெட்டும் வேலை சென்னியப்பனுடையது. ஐம்பத்திரண்டு வயது, மெக்கானிக், தலைக்குச் சாயம் பூசுபவர், கைக்குச் சாயம் தேவைப்படாதவர். ஸ்டீயரிங்குக்கு அடியில் உள்ள துளையில் கையகல மெஷின் ஒன்றைச் சொருகி, வேண்டிய எண்ணை அமுக்கினால் மீட்டர் அந்த எண்ணுக்கு வந்துவிடும். ஆனால் சென்னியப்பனுக்குப் பெயர் வந்தது அதனால் அல்ல. ஒரு வண்டியை அரைமணி நேரம் பார்த்தால் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவார் என்பதால்தான் கோபியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். அதிலும் கல்லூரி முடித்த பையன்கள் ஆசைப்படுகிற, நாலு பேர் முட்டியை மடக்கி உட்கார வேண்டிய, ஆனால் மிதித்தால் பாய்கிற சின்ன வண்டிகள் என்றால் அவர் சொல்வதற்கென்றே ஒரு பாட்டு வைத்திருந்தார், எங்கள் வீதியில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

நீ போகும்போதே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடு, ஆறின எஞ்சின்தான் உண்மை பேசும். எண்ணெய் மூடியைக் கழற்றி அடியில் மோர் மாதிரி வெள்ளை படிந்திருக்கிறதா பார். மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்ச் சடாரென்று மிதி, எஞ்சின் மட்டும் கத்தி வண்டி தயங்கினால் கிளட்சைத் தின்றுவிட்டான் என்று அர்த்தம். டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தி ஓட்டியவன் எவனோ இருக்கிறான். போனட் போல்ட்டின் முனையில் பெயிண்ட் உடைந்திருந்தால் அதை ஒருவன் கழற்றியிருக்கிறான், எதற்குக் கழற்றினான் என்று கேள். கதவு ரப்பரை இழுத்துப் பார், கம்பெனி வைத்த வெல்டிங் புள்ளி ஒரே சீராக இருக்கும், பட்டறையில் வைத்தது பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். எல்லாம் பார்த்த பிறகு சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழு, அடியில் ஒரு சின்னத் துணிச்சீட்டு தைத்திருக்கும், அதில் ஒரு வருஷம் போட்டிருக்கும், வண்டியின் வருஷமும் பெல்ட்டின் வருஷமும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்றும் கேட்காதே, ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர். இதுதான் அந்தப் பாட்டு.

நீல வண்டி லாரியில் ஏறி எங்கேயோ போய், ஏதோ ஒரு பட்டறையில் பல மாதம் கிடந்து, பளபளவென்று எங்கள் வீதிக்கு ஓடி வந்து நின்றபோது சென்னியப்பன் அதைச் சுற்றி வந்து பார்த்தார். போல்ட்டில் பெயிண்ட் உடைந்திருந்தது. வலது பக்கத் தூணில் வெல்டிங் புள்ளிகள் தாறுமாறாக இருந்தன. பெல்ட்டை இழுத்தவர் அதைத் தானாகச் சுருள விட்டுவிட்டு, கடை முதலாளி கிருபாகரனிடம் வந்தார்.

"கிருபா, இது பலமா அடி வாங்கியிருக்குதுப்பா. முன்னாடி வலதுபக்கம் மொத்தமும் புதுசு."

"தெரியுமுங்ணா. உங்க கண்ணுக்குத் தெரியறது வாங்கறவன் கண்ணுக்குத் தெரிஞ்சிருமா? நீங்க மீட்டரை மட்டும் இருபதாயிரத்துக்குக் கொண்டாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று சென்னியப்பனுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சோற்றைத்தான் அவர் இருபது வருஷமாகத் தின்று வந்தார். மெஷினைச் சொருகினார். 34,931 என்று காட்டியது. சும்மா ஒரு சோதனைக்காக ஒரு கிலோமீட்டர் குறைத்து 34,930 ஆக்கினார், அதோடு மெஷினில் சார்ஜ் தீர்ந்து விளக்கு அணைந்துவிட்டது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். "ஒத்தை கிலோமீட்டருதான் நான் தள்ளினேன், மிச்சத்தை அதுவே கத்துக்கிச்சு" என்று பின்னால் அவர் எத்தனையோ பேரிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

மறுநாள் காலை பால் வாங்கப் போய் வந்த வண்டி 34,927 காட்டியது. சாயங்காலம் 34,915. இரண்டு நாளில் எங்களுக்கு விளங்கிவிட்டது, ஓட ஓட இது குறையும். அது மட்டுமில்லை, ரிசர்வில் கிடந்த பெட்ரோல் முள் மெல்ல மேலே ஏறியது, டயரில் சிக்கியிருந்த கல் காணாமல் போனது, கிருபாகரன் கடைச் சுவரில் உரசி வந்த கீறல் ஒன்று பெருந்துறை போய்த் திரும்புவதற்குள் தழும்பில்லாமல் ஆறிவிட்டது. வண்டி தான் ஓடிய நாட்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இப்படி ஒன்று நடந்தால் வேறு ஊர்க்காரர்கள் என்ன செய்திருப்பார்களோ தெரியாது, நாங்கள் அதை வேலைக்கு வைத்துக்கொண்டோம். ஓடினால் விலை குறையும் என்பது உலகத்து வண்டி, ஓடினால் விலை ஏறும் என்பது எங்கள் வண்டி. பதினேழு கடைக்காரர்களும் முறை வைத்து அதை ஓட்டினார்கள், பையன்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள், மாமியாரைப் பவானி கூடுதுறைக்குக் கூட்டிப் போனார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் புரோக்கர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை, கட்டம் இல்லாத விஷயம் நடக்கவில்லை என்றுதான் கணக்கு என்று சொல்லிப் போனார். வீதி முனைப் பிள்ளையார் கோயில் பூசாரி வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார், ஆனால் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்ற வேண்டாம், அது எந்தப் பக்கம் போகிறதென்று சாமிக்கே குழப்பமாக இருக்கும் என்றார்.

தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்ற ஒருவர் தன் முட்டி வலியோடு பன்னிரண்டு கிலோமீட்டர் அதில் போய் வந்தார். முட்டி அப்படியேதான் இருந்தது. நின்றுபோன கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம், வாடின ரோஜாவை வைத்துப் பார்த்தோம், சென்னியப்பனே சாயம் பூசாத தலையோடு பத்து நாள் ஓட்டிப் பார்த்தார், நரை ஒழுங்காக வளர்ந்தது. வெளியிலிருந்து கொண்டுபோய் வைத்த எதையும் அந்த வண்டி தொடவில்லை.

ஆனால் ஒரு விஷயம் நடந்தது, அதுதான் எங்களைக் கெடுத்தது. ஒருநாள் வண்டி நசியனூர் தாண்டும்போது, காலியாக இருந்த பக்கத்து சீட்டில் ஒரு டீ டம்ளர் வந்து உட்கார்ந்திருந்தது. வண்டி வந்த புதிதில் கிருபாகரன் மறந்து வைத்துவிட்டுப் போன டம்ளர், அன்றைக்கு இருந்த மாதிரியே, பாதி டீயோடு, சூடாக. அதைத் திருப்பிக் கொடுத்து நாளாகிறதே என்று நாச்சிமுத்து எண்ணிப் பார்த்தார், டம்ளர் ஒன்று அதிகமாக இருந்தது. அன்றைக்குச் சிரித்தோம்.

மீட்டர் 34,702 காட்டிய ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, மேலே போர்டு வைத்த வெள்ளை டிரைவிங் ஸ்கூல் வண்டி ஒன்று எங்கள் வீதியில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கினார் கோகிலவாணி. நாற்பத்தெட்டு வயது, சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. ஈரோட்டில் இன்றைக்கு வண்டி ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேருக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தவர். அவருடைய ஸ்கூல் வண்டியில் இடது பக்க சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு, எல்லா ஸ்கூல் வண்டியிலும் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் சொல்லிக் கொடுப்பவர் மிதிக்க. இடது பக்கம் உட்கார்ந்தபடியே கையை நீட்டி ஸ்டீயரிங்கைத் திருப்பி, காலால் பிரேக் மிதித்து, இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு நாயைக்கூட அவர் அடித்ததில்லை.

நேராக நீல வண்டியிடம் போனார். சென்னியப்பனைக் கூப்பிட்டார். கிருபாகரன் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார்.

"ஏனுங்கண்ணா, இது அடி பட்ட வண்டிங்களா?"

"சேச்சே, ஒரு கீறல் பட்டதில்லீங்க அம்மிணி. அத்தனையும் கம்பெனி பெயிண்ட்டு. நாந்தான் ஒண்ணொண்ணாப் பாத்தனுங்க."

கோகிலவாணி டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார், பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுத்தார், துணிச்சீட்டைத் திருப்பி வெளிச்சத்தில் படித்தார்.

"வண்டி பத்தொன்பதாம் வருஷம். பெல்ட்டு இருபத்தி மூணுங்க."

சென்னியப்பன் குனிந்து அந்தச் சீட்டைப் பார்த்தார்.

"பழைய பெல்ட்டு எங்க ஊட்டுல இருக்குதுங்கண்ணா. அறுத்துத்தான் அவனை எடுத்தாங்க. இது எம் பையன் வண்டி."

எங்கள் வீதியில் அன்றைக்கு வெட்கப்படாத ஆள் கிடையாது. ஆனால் சென்னியப்பன் பட்ட வெட்கம் வேறு. அவர் அங்கேயே, கிரீஸ் படிந்த தரையில், சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கோகிலவாணி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் எழுந்திருப்பார்.

பையன் பெயர் தரணி. இருபத்து மூன்று வயது, முதல் வேலை, முதல் சம்பளம், முதல் வண்டி. பெருந்துறைக்கு மேற்கே, கீழ்பவானி வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் ஒரு திருப்பம் இருக்கிறது, அங்கே பாலத்தின் கட்டைச் சுவரில் மோதினான். "திருப்பத்துல பிரேக் மிதிக்காதே, திருப்பத்துக்கு முன்னாலயே மிதிச்சு முடிச்சிருன்னு எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். அவனுக்கு எல்லாரையும் விட ஜாஸ்தியாச் சொன்னேன்" என்று நாச்சிமுத்து கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். ஆறிப்போகும்வரை அதைக் குடிக்கவில்லை.

மீட்டர் சங்கதி அவர் காதுக்கு எட்டித்தான் வந்திருந்தார். பையிலிருந்து ஒரு தாள் எடுத்தார். விபத்தான வண்டியைப் பார்க்க வந்த இன்சூரன்ஸ்காரர் எழுதிய தாள். அதில் என்ன என்னவோ இருந்தது, அவர் விரல் வைத்துக் காட்டியது ஒரே ஒரு வரி. மீட்டர் அளவு: 34,618.

எண்பத்து நான்கு கிலோமீட்டர். சேலத்துக்குப் போய்க் கால் வழி திரும்புகிற தூரம்.

கிருபாகரன் சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

ஆனால் கோகிலவாணி வண்டியை எடுக்கவில்லை. பதினாறு நாள் அது எங்கள் வீதியிலேயே நின்றது, அவர் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பதினாறு நாளும் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. வண்டியைச் சேர்ந்தது எல்லாம் திரும்பி வருகிறது, வெளியில் இருப்பது வருவதில்லை, சரி, அப்படியானால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தவன் வண்டியைச் சேர்ந்தவனா, வெளியாளா? வெளியாள் என்று ஒரு கட்சி, முட்டி வலிக்காரரைக் காட்டினார்கள். டீ டம்ளரே வந்ததே, ஆள் வரமாட்டானா என்று இன்னொரு கட்சி. மீட்டர் திரும்புவதற்கு முன் இதை ஓட்டினவர்கள் யாரும் இரண்டாவது ஆளாக வந்து உட்காரவில்லையே என்று கேட்டதற்கு, அவர்களெல்லாம்தான் உயிரோடு இருக்கிறார்களே, அவர்கள் எதற்கு வரவேண்டும் என்றார் நாச்சிமுத்து. மூன்றாம் நாள் முதல் நாச்சிமுத்து அந்த அதிகப்படி டம்ளரைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தார்.

நாங்கள் வியாபாரிகள். இல்லாததை இருக்கிறதென்று ஆயிரம் பேரை நம்ப வைத்தவர்கள். அந்தப் பதினாறு நாளில் நாங்களே நம்பிவிட்டோம்.

சென்னியப்பன் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஊரில் உள்ள வண்டிகளுக்கெல்லாம் அந்த மெஷினைச் சொருகி ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தார், முப்பது வண்டிக்கு மேல், ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் கோகிலவாணியிடம் போய் நின்றார்.

"அம்மிணி, நான் சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க. அந்த நம்பர் வர்றப்ப அந்த சீட்டுல யாரும் இருக்கப்படாதுங்க. வண்டி எப்படி இருந்துச்சோ அப்படித்தான் ஆகும். இருக்கறவங்களை நசுக்கிப் போட்டுரும்."

"தெரியுமுங்கண்ணா. அதுக்குத்தான் யோசிச்சிட்டு இருக்கறேன். அது அவன் சீட்டு, வேற ஆளு உக்காரக் கூடாது. நான் இடதுபக்கம் உக்காந்துக்கறேன். அந்தப் பக்கம் ஒண்ணும் ஆகலைன்னு தாள்லயே எழுதியிருக்குது. அங்கிருந்தே திருப்புவேன், எனக்குப் பழக்கந்தான். நீங்க தள்ளோணும்."

ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை, எண்பத்து மூன்று கிலோமீட்டரை அவரே தனியாக ஓட்டினார். கவுந்தப்பாடி, கோபி, நம்பியூர் என்று எங்கெல்லாம் சுற்றினால் கணக்கு சரியாக வருமோ அங்கெல்லாம் சுற்றி, வாய்க்கால் பாலத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மீட்டரில் 34,619. பதினேழு கடைகளையும் பூட்டிவிட்டு நாங்கள் அங்கே காத்திருந்தோம். அவர் சாவியைத் திருகி மீட்டர் மட்டும் எரியும்படி வைத்துவிட்டு, இறங்கிச் சுற்றி வந்து இடது பக்கம் ஏறிக்கொண்டு, வலது கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். டிரைவர் சீட் காலியாக இருந்தது.

பட்டப்பகல். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள், இரண்டு கரையிலும் நடவு நடந்துகொண்டிருந்தது. நாங்கள் நாற்பது பேர் வண்டியைத் தள்ளினோம். தேர் இழுக்கும்போது வருகிற மூச்சு எல்லோருக்கும் வந்தது. நடவு நட்ட பெண்கள் நிமிர்ந்து பார்த்து, விஷயம் கேட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர்களும் கை கொடுத்தார்கள். பஸ் ஒன்று நின்றது, ஹாரன் அடித்தது, பிறகு யாரோ போய்ச் சொன்னதும் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். சென்னியப்பன் வலது கதவோரம் நடந்தபடி கண்ணாடிக்குள் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

திருப்பம் வந்தது. கோகிலவாணி ஒரு கையால் அழகாகத் திருப்பினார். கட்டைச் சுவருக்கு நேராக வந்தபோது எண் மாறி 34,618 ஆயிற்று.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. பெரிய சத்தம் ஒன்றை நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்துக் கண்ணை மூடியிருந்தோம். திறந்தபோது போனட் மடிந்து நின்றது, முன் கண்ணாடி முழுக்க நொறுங்கி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது, வலது சக்கரம் கோணலாக உள்ளே போயிருந்தது, ஸ்டீயரிங் சீட்டோடு வந்து ஒட்டியிருந்தது, அறுந்த பெல்ட் கதவுக்கு வெளியே தொங்கியது. சீட் நனைந்திருந்தது. அதில் யாரும் இல்லை.

"நிக்காதீங்க! தள்ளுங்க!" என்று உள்ளேயிருந்து கோகிலவாணி கத்தினார். "இது மோதினதுக்கு அப்புறம்! மோதறதுக்கு முந்திப் போகோணும்! இன்னும் பத்தடி தள்ளுங்க!"

கோணின சக்கரம் உருள மறுத்தது. எட்டுப் பேர் முன்பக்கம் போய், மடிந்த தகரம் கையைக் கிழிக்க, சப்பரத்துக்குத் தோள் கொடுக்கிற மாதிரி வலது மூலையைத் தூக்கினார்கள். முன்பக்கம் இடது சக்கரம் மட்டும் தரையில் உருண்டது. கிருபாகரன் அழுதுகொண்டே தள்ளினார். ஓர் அடி. இரண்டு அடி. கட்டைச் சுவர் எங்கள் இடுப்பை உரசிக்கொண்டு பின்னால் போனது. ஆறு, ஏழு. எங்கள் தோளில் இருந்த கனம் திடீரென்று குறைந்தது.

எண் அதே 34,618தான். வண்டி முழுசாக நின்றது. போனட்டில் வானம் தெரிந்தது. நீலம் அப்படி ஒரு நீலம், எங்கள் வீதியில் அடித்த எந்தப் பாலிஷுக்கும் வராத நீலம். எஞ்சின் தானாக ஓடிக்கொண்டிருந்தது, ஏ.சி. குளிர்ந்து வீசியது. சீட் நீளக்கால் பையன் ஒருவனுக்காகக் கடைசிவரை பின்னால் தள்ளிக் கிடந்தது. கப் வைக்கிற இடத்தில் தண்ணீர் பாட்டில், மூடி திறந்து, பாதி குடித்து. பின் சீட்டில் டிபன் பாக்ஸ், அன்றைக்குக் காலை கோகிலவாணி கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழச் சாதம், தொட்டால் இன்னும் சூடாக இருந்தது. எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்த வண்டி, தன்னை ஓட்டியவனை மட்டும் வெளியாள் என்று விட்டுவிட்டது.

நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். வாய்க்காலைப் பார்த்தோம், வயலைப் பார்த்தோம், வந்த வழியைத் திரும்பிப் பார்த்தோம், ஒருவேளை பின்னால் நடந்து வருகிறானோ என்று. நாற்பது ஆண்களும் பத்துப் பதினைந்து பெண்களும் ஒரு பஸ் நிறைய ஜனங்களும் நின்றும், எங்களால் செய்ய முடிந்தது அந்த எஞ்சினை அணைப்பது ஒன்றுதான். அதைச் சென்னியப்பன் செய்தார். பிறகு சுற்றி வந்து இடது கதவைத் திறந்தார்.

கோகிலவாணி காலி சீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வலது கை இன்னும் ஸ்டீயரிங்கில் இருந்தது. வலது கால், அந்த வண்டியில் பிரேக்கே இல்லாத இடத்தில், காலடி ரப்பர் மேட்டை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது.

"அம்மிணி, வண்டி நின்னுருச்சுங்க. காலை எடுங்க."

அவர் எடுக்கவில்லை.

வண்டியை ஸ்கூல் வண்டியில் கட்டி, முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஒரு கிலோமீட்டரும் குறையாதபடி அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டோம். அதன் பிறகு அது ஓடவில்லை. இன்னும் முப்பத்து நான்காயிரம் கிலோமீட்டர் பையனுடைய நாட்கள் அதற்குள் இருக்கின்றன, ஓட்டினால் அதுவும் தீர்ந்துபோகும், ஓட்டாவிட்டால் வரவும் வராது. தினமும் கடைசி வகுப்பு முடிந்ததும் கோகிலவாணி வந்து இடது சீட்டில் ஒரு மணி நேரம் உட்காருவார். சென்னியப்பன் வந்து வாசலில் நிற்பார். எங்கள் வீதியில் மீட்டர் தள்ளுவதை அவர் விட்டுவிட்டார், மெஷின் எங்கே என்று கேட்டால் வாய்க்காலைக் காட்டுவார்.

நல்ல வண்டி நின்றால் மூக்கு வியர்க்கிற ஆட்கள் உலகத்தில் உண்டு. தை மாதம் திருப்பூரிலிருந்து ஒரு பையன் தன் அப்பாவோடு வந்தான். கோகிலவாணி வீட்டு கேட்டுக்கு வெளியிலிருந்தே நீல வண்டியைப் பார்த்து அவனுக்குக் கண் விரிந்தது. சென்னியப்பனின் பாட்டை அவன் ஏதோ போனில் கேட்டுவிட்டு வந்திருக்கிறான், ஒவ்வொன்றாகப் பார்த்தான். போல்ட்டில் பெயிண்ட் உடையவில்லை. வெல்டிங் புள்ளிகள் கம்பெனி வைத்தபடியே சீராக இருந்தன. பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துத் துணிச்சீட்டைப் படித்தான், வண்டி பத்தொன்பது, பெல்ட்டும் பத்தொன்பது.

"அங்கிள், நீங்கதான சென்னியப்பன் அங்கிள்? நீங்க சொன்னா வாங்கிக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க. அடி பட்ட வண்டிங்களா இது?"

இல்லை என்பதுதான் உண்மை. அந்த வண்டியை உருக்கித் தேடினாலும் ஒரு அடியைக் கண்டுபிடிக்க முடியாது. இருபது வருஷத்தில் சென்னியப்பன் அந்த வார்த்தையை மனச்சாட்சிக்கு விரோதம் இல்லாமல் சொல்லக் கிடைத்த ஒரே வண்டி அது.

"பட்டதுங்க தம்பி," என்றார். "பலமாப் பட்டது."

பையன் சிரித்துவிட்டான். "என்ன அங்கிள், எல்லாம் பாத்துட்டனே. எங்க பட்டுது, காட்டுங்க?"

சென்னியப்பன் அவன் கையைப் பிடித்து இடது பக்கம் கூட்டி வந்தார். கண்ணாடி இறக்கியிருந்தது. உள்ளே கோகிலவாணி முன்னால் இருந்த வெறும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், யார் வந்ததென்று திரும்பவில்லை. சென்னியப்பன் விரலை நீட்டிக் கீழே காட்டினார். அங்கே மேட் கிழிந்து, அதற்கு அடியில் இருந்த கம்பளமும் தேய்ந்து, தகரம் பளபளவென்று தெரிந்தது, அந்தத் தகரத்தின்மேல் கேன்வாஸ் ஷூ போட்ட ஒரு கால் அழுத்திக்கொண்டே இருந்தது.